எட்டில் செவ்வாய்

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்காருவோம். சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர். ஸ்டோர் பார்க்கிறவர், வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். பிரஸ் ஓட்டுகிறவர், வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மெஷினை நிறுத்திவிட்டுத் தொழுகைக்குக் கிளம்புகிறவர். நாலாவது நான். அவர்கள் மூவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. தேர்தல், மாட்டுக்கறி, ஸ்பீக்கர் சத்தம், எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் லீவு என்று எதை எடுத்தாலும் குழம்பு ஆறுகிற வரைக்கும் வாக்குவாதம் நடக்கும். அப்புறம் ஒருத்தர் டப்பாவிலிருந்து இன்னொருத்தர் ஊறுகாய் எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் ஸ்டோர்க்காரர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று டெல்லியில் கோர்ட்டு சொல்லிவிட்டதாம்.

"கோர்ட்டே சொல்லிருச்சுல்ல. நம்ம சாஸ்திரத்துல இதுக்கெல்லாம் எடமே கெடையாது. எல்லாம் வெளிநாட்டுச் சீக்கு" என்றார்.

"இதுக்காகத்தான் சோதோம் பட்டணத்தையே கர்த்தர் அக்கினியால எரிச்சாரு" என்றார் சூப்பர்வைசர்.

பிரஸ்காரர் தலையாட்டினார். "எங்கள்லயும் அதேதாண்ணே. லூத் நபி காலத்துல ஊரையே தலைகீழாப் பொரட்டிட்டான்."

"லோத்துதான்யா உங்க லூத்து. ரெண்டும் ஒரே ஊருதான்."

"அட, ஒரே ஊரா" என்றார் ஸ்டோர்க்காரர். மூவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்களுக்கு எரிந்துபோன ஒரு ஊர் பொதுவாகக் கிடைத்துவிட்டது. மத நல்லிணக்கம் என்று பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன தம்பி, பேச்சு மூச்சக் காணோம்?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு வாய் சோறு சாப்பிட்டேன். அதுவும் நன்றாகத்தான் இறங்கியது.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் டூட்டி முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தச் சூப்பர்வைசர். தலைமாட்டில் கண்ணை மூடி எனக்காக ஜெபம் செய்தார். "தம்பிக்கு நல்ல வாழ்க்கைத் துணையக் குடுங்க ஆண்டவரே" என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டார். நான் ஆமென் என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் இதை அவனிடம் சொன்னேன். அவன் என்றால், எட்டு வருஷமாக என் ஆள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. அத்தா இல்லை, அம்மாவும் கட்டிக்கொடுத்த ஒரு அக்காவும். என் கண்ணாடி உடைந்து அந்தக் கடைக்குப் போனபோது, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க ஒரு சின்ன ஸ்கேலை என் மூக்கின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தான். அளந்த பிறகும் ஸ்கேலை எடுக்கவில்லை. அறுபத்துமூன்று என்று சொல்லிவிட்டு, சந்தேகம் போல இன்னொரு தடவை அளந்தான். அவ்வளவுதான், நான் தீர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு சாத்திவிடுவார்கள். சாவி அவனிடம். கடைக்கு மேலே லென்ஸ் டப்பாக்கள் அடுக்கிய ஒரு அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை. எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு அங்கேதான் போயின. என்னோடு இருந்துவிட்டு அவன் தலைக்குக் குளிப்பான். குளித்துவிட்டு அந்த டப்பாக்களுக்கு நடுவிலேயே பாயை விரித்துத் தொழுவான். ஆரம்பத்தில் எனக்கு அது அவமானமாக இருந்தது.

"ஏன்டா, என்னையக் கழுவிட்டுத்தான் ஒன் சாமிகிட்டப் போகணுமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பொண்டாட்டிகூட இருந்தாலும் குளிச்சிட்டுத்தான் தொழணும் மாப்ள" என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் மிதந்தேன்.

யார் மதம் பெரிது என்று எங்களுக்குள்ளும் போட்டி உண்டு. எங்கள் சாமியில் எல்லாம் இருக்கிறது என்பேன் நான். பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிற சாமி இருக்கிறது, மோகினியாக வந்த பெருமாள் இருக்கிறார், அவருக்கும் சிவனுக்கும் பிறந்த பிள்ளையைப் பார்க்கத்தான் ஸ்டோர்க்காரர் மாலை போட்டுப் போகிறார் என்பேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பச் சரி, ஒங்க அம்மாகிட்டப் போயிச் சொல்லு" என்பான். கோபுரத்தில் இருக்கிற சலுகை சமயநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில் கிடையாது.

அவன் என்னைப் போல விதண்டாவாதம் பேசுகிறவன் இல்லை. நிஜமாகவே பயந்தவன். ஒரு தடவை பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸரத்திடம் போய், ஒரு நண்பனுக்கு இப்படி ஒரு பிரச்சினை என்று கேட்டிருக்கிறான். ஹஸரத் கோபப்படவில்லையாம். "மனசுல வர்ற நெனப்புக்கு அல்லா கேள்வி கேக்க மாட்டான் தம்பி, செயலுக்குத்தான் கேப்பான். அந்த நண்பர நோன்பு வைக்கச் சொல்லுங்க. சீக்கிரம் நிக்காஹ் முடிச்சு வைங்க" என்றாராம். கிளம்பும்போது இவன் தலையில் கையை வைத்து, "அந்த நண்பருக்காக நானும் துஆ செய்றேன்" என்றாராம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹஸரத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நாங்கள் அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மறு பாதியைப் பற்றிப் பேசவில்லை.

இனி என் வீட்டுக் கதை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான். முப்பது தாண்டியதும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரு மகனுக்கு முப்பது வயதில் கல்யாணம் ஆகவில்லை என்றால் எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர்கூடக் காரணம் கேட்பான். நான் சம்பளம், லோன், வீடு என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். முப்பத்திரண்டில் சாக்கு தீர்ந்துவிட்டது. ஒருநாள் அம்மா என் ஜாதக நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் தடவிய பழைய நோட்டு. பூச்சி அரித்து, மசி வெளிறிக் கிடந்தது. "தரகர் இத வச்சு ஒண்ணும் பாக்க முடியலங்கிறாரு தம்பி. கம்ப்யூட்டர்ல போட்டு வாங்கிட்டு வந்துரு" என்றாள்.

என் வாழ்க்கையின் பெரிய புத்திசாலித்தனத்தை நான் செய்தது அப்போதுதான். போனில் ஜாதகம் போடுகிற ஆப் ஒன்றை இறக்கி, என் பிறந்த நேரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அதிகாலை நாலு பத்து. செவ்வாய் ஒன்பதில் இருந்தது. ஒரு குற்றமும் இல்லாத சுத்த ஜாதகம். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்தேன். ஆறு பத்து என்று போட்டபோது லக்னம் மட்டும் ஒரு கட்டம் நகர்ந்தது. ராசி மாறவில்லை, நட்சத்திரம் மாறவில்லை. ஆனால் செவ்வாய் எட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. எட்டில் செவ்வாய் என்றால் கடுமையான தோஷம். அப்படிப்பட்டவனைக் கட்டினால் பெண்டாட்டி உயிருக்கு ஆபத்து என்று சொல்வார்கள். எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்?

கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு பத்து என்றே கொடுத்து, மேலே பிள்ளையார் படம் போட்டுக் கலரில் அச்சடித்து வாங்கினேன். பழைய நோட்டைக் கம்பெனி பாய்லர் அடுப்பில் போட்டுவிட்டு, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா புதுத்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மறுவாரம் தரகர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழைய நோட்டு தெளிவா இல்லாததால இது தெரியாமப் போச்சு போல" என்றார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவுக்கு ஆறுதல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போய்ச் சிரிப்பேன். "பாத்தியாடா எங்க செவ்வாய? கையில வேலோட வாசல்ல காவல் நிக்குது" என்பேன். அவன் சிரிப்பான், ஆனால் முழுசாகச் சிரிக்க மாட்டான். பொய் சொல்லிச் சாமியை இழுக்காதே என்பான்.

நான் மறந்துபோன ஒரு விஷயம் எங்கள் தெருவில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோஷத்துக்குத் தோஷம்தான் பொருத்தம். செவ்வாய் உள்ளவனுக்குச் செவ்வாய் உள்ளவளைக் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும். அந்த மாதிரிப் பெண் வீட்டார் எங்களை மாதிரி ஆட்களைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் கதவைச் சாத்தியதாக நினைத்துக்கொண்டு, வேறொரு கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊர். பெண்ணுக்கு முப்பத்துநாலு வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலை. தோஷத்தால் ஒன்பது வருஷமாக அமையாமல் நின்ற இடம். நாங்கள் போய் இறங்கியதும் அவளுடைய அப்பா, கட்டையான விவசாயி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "தெய்வமா வந்தீக" என்றார். நான் தெய்வமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று தரகர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பேசிவிட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே மிளகாய் காயப்போட்டிருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"பதினோரு பேரு வந்துட்டுப் போயிட்டாக. என்னையக் கட்டுனாச் செத்துருவோம்னு அம்புட்டுப் பேருக்கும் பயம். காலையில ஆசுபத்திரியில அதே ஆளுகதான் ரத்தம் குடுக்கக் கைய நீட்டுவாக. எனக்குச் சிரிப்பா வரும்."

அவளை எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் கொடுமை. ஒரு நல்ல சிநேகிதியாக அவளை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மிளகாயைப் பார்த்துக்கொண்டு, வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். கீழே அம்மா தட்டை மாற்றியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் ஓடினேன். எப்படியாவது இதை உடைக்க வழி சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"நல்லதுதான மாப்ள" என்றான்.

நான் விளையாடுகிறானோ என்று பார்த்தேன். விளையாடவில்லை. அவன் வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த மாதம் நிக்காஹ். மூன்று வாரமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாக்களை எல்லாம் தள்ளிவிடலாம் போல இருந்தது. "ஹஸரத்து சொன்னதுல பாதியத்தானடா எடுத்துக்கிட்டோம்" என்றேன்.

"இப்ப மீதியக் கேக்கப் போறேன்."

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒம் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். அப்புறம் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "நரகத்தப் பத்தி எனக்குப் பயம் இல்லேன்னு நெனைக்கிறியா? தெனம் அஞ்சு வேள மன்னிப்புக் கேக்குறேன். எனக்கும் கேக்குறேன், ஒனக்கும் சேத்துக் கேக்குறேன். கேட்டுட்டு மறுபடி ஒங்கிட்டத்தான் வாரேன். எட்டு வருசம். அசந்துட்டேன் மாப்ள. அம்புட்டுத்தான்."

என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அசந்துபோனவனோடு எப்படிச் சண்டை போடுவது? அஸர் தொழுகைக்கு நேரமானது. அன்றைக்கு அவன் குளிக்கவில்லை. கை கால் முகம் மட்டும் கழுவிவிட்டுப் பாயை விரித்தான். நான் அவன் எழுந்திருப்பதற்குள் கீழே இறங்கிவிட்டேன்.

அவன் நிக்காஹ் விருந்துக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் கேட்கும். கடைக்காரர்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். அவன் அம்மா என் கன்னத்தைத் தடவி, "அடுத்து ஒனக்குத்தானய்யா" என்றார். அவன் ஷெர்வானியில் நன்றாக இருந்தான். தூரத்திலிருந்து ஒரு தடவை என்னைப் பார்த்துத் தலையசைத்தான். கை கழுவுகிற இடத்தில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் எனக்கு மிச்சம் இருந்த ஒரே வேலை, அந்தப் பெண்ணையாவது காப்பாற்றுவது. அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். காலைக் கூட்டம் கலைந்திருந்தது. ரத்தக் குழாய்களில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெண்கள் மேல் எனக்கு நாட்டம் வராது, ஒருத்தனோடு எட்டு வருஷம் இருந்தேன், என் ஜாதகம் நானே மாற்றிய பொய், எனக்குத் தோஷமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் அதை முழு வாக்கியமாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த குழாயை ஒட்டி முடித்துத் தாங்கியில் வைத்தாள்.

"எங்கப்பாகிட்டச் சொல்லப் போறீகளா?"

"நீங்க சரின்னா நானே சொல்லி நிறுத்திருறேன்."

"நிறுத்துனா ஊருல என்ன சொல்லுவாக தெரியுமா? தோசக்காரனே பயந்து ஓடிட்டாம்பாக."

"உண்மையச் சொல்லிருவோம்."

"அதச் சொன்னா, அப்படிப்பட்டவன்கூட இவளை வேணாம்னுட்டாம்பாக." அவள் குரல் உயரவில்லை. ரத்த முடிவைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நான் இந்தத் தோசத்த நம்பலங்க. ஆனா பன்னெண்டாவது ஆளும் போனா எங்கப்பா இருக்க மாட்டாரு. நீங்க எப்படி வேணாலும் இருங்க. வேணாம்னு மட்டும் சொல்லிராதீக."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவள் சொன்னதை ஏற்றுக்கொள்கிற மனுஷனாக நான் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் போவதுதான் கடைசி வழி. அவனைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. ஜாதகம் பொய் என்று மட்டும் சொன்னால் போதும். தோஷமில்லாதவனுக்குத் தோஷக்காரியைக் கட்டினால் அவன் உயிருக்கு ஆபத்து. அம்மா அதை நம்புகிறவள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதை நம்புகிற மாதிரி நம்புகிறவள். நான் பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போனாலே முனியாண்டிக்குக் காசு முடிந்துவைக்கிறவள். தன் பிள்ளை செத்துப்போவான் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கல்யாணத்தை நிறுத்திவிடுவாள். பெண் வீட்டில் என்ன காரணம் சொல்வது என்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள். வெட்கக்கேடான வழிதான். வேறு வழி இல்லை.

வீட்டுக்குள் போனபோது அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன். நோட்டைப் பாய்லரில் போட்டதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"நீ நாலு பத்துக்குப் பொறந்த" என்றாள். "மொத நாள் சாயங்காலத்துல இருந்து வலியில கெடந்தவ நான். ஒங்கப்பா வாட்சப் பாத்துச் சத்தமாச் சொன்னாரு. எனக்குத் தெரியாதாப்பா?"

"பேப்பரப் பாத்ததுமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா பேசாம இருந்த?"

"என்ன பேசச் சொல்ற? சுத்த ஜாதகத்த வச்சு நல்ல எடமாப் பாத்திருந்தா விசாரிப்பாக. கம்பெனியில கேப்பாக, டவுன்ல கேப்பாக. அந்தக் கண்ணாடிக் கடை வரைக்கும் போயிருப்பாக." கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையை எடுத்து ஓரமாகப் போட்டாள். "இந்த மாதிரி எடத்துல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

கண்ணாடிக் கடை என்று அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்ன கேட்க வந்தேனோ அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தோசம் இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கு இருக்கு. அப்ப எனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"மூணு ஜோசியர்கிட்டப் போனேன். நாலு பத்துன்னு உள்ளதச் சொல்லித்தான் கேட்டேன். மூணு பேரும் ஒண்ணாத்தான் சொன்னாக. ரெண்டு வருசம் தாங்காதுன்னு."

"தெரிஞ்சுமா தட்டு மாத்துன?"

அப்போதுதான் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"ரெண்டு வருசமாவது நாலு பேர மாதிரி இருந்துட்டுப் போவேல்ல தம்பி" என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சூப்பர்வைசர், ஸ்டோர்க்காரர், பிரஸ்காரர் மூவரும் ஒரே காரில் வந்து மொய் வைத்துவிட்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சூப்பர்வைசர் என் கையைக் குலுக்கினார். அவன் வரவில்லை. பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது பதினாலு மாதம் ஆகிறது. என் மனைவியும் நானும் சண்டை போடுவதில்லை. அவள் இங்கேயே பக்கத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இருவரும் ஒரே அறையில் தனித்தனிக் கட்டிலில் தூங்குகிறோம். அவள் அப்பா வந்தால் கட்டில்களைச் சேர்த்துப் போடுகிறோம். ஒன்பது வருஷம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்தது இதுதான். அவள் குறை சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்கு மருமகளைக் கண்டால் பயம். அவள் கையால் எனக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட உற்றுப் பார்க்கிறாள். நான் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறாள். கப்பலூரிலிருந்து வர அரை மணி நேரம் தாமதமானால், ரோட்டு முக்கில் வந்து நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதோடு கூடவே இன்னொன்றும் வரும், இன்றைக்கும் ஆகவில்லை, நாளைக்கு ஆகலாம் என்கிற மாதிரி. செவ்வாய்க்கிழமைகளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறாள். என் ஆயுளுக்காகத்தான். நடிப்பில்லை. நெஞ்சு வலிக்க வலிக்க வேண்டுகிறாள். வீட்டில் உயிரோடு நடமாடுகிறவனுக்குத் துக்கம் காக்கிறாள். அதற்கு நடுவில் நான் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

இந்த விஷயத்தைப் பற்றி எந்த மதம் என்ன சொல்கிறது என்று போனில் பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் சிலையைக் காட்டுகிறார், ஒருத்தர் வசனத்தைக் காட்டுகிறார். நான் எதிலும் கலந்துகொள்வதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. என் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்தி, இந்தக் கல்யாணத்தால் நான் செத்துப்போவேன் என்று நூற்றுக்கு நூறு நம்பிக்கொண்டு, மணவறையில் என் கையில் மாலையை எடுத்துக் கொடுத்தாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை.